பெங்களூர் இல்லை, பேங்கர்

என் மனைவியின் தங்கைக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்த செய்தி வந்தபோது, நான் கம்பெனியில் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் கிரானைட்டை அறுத்து, பாலிஷ் போட்டு, கப்பலுக்கு அனுப்புவோம். அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. அன்றைக்கு ஒரு பலகைக் கல் மரச் சட்டத்துக்குள் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காவேரிப்பட்டினத்திலிருந்து மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, சின்னதுக்கு ஆர்டர் வந்துடுச்சி. பேங்கராம்."

"பெங்களூரா? நல்லதாப் போச்சு மாமா. ஓசூர்ல நம்ம வூட்டுல இருந்தே போய் வரலாமே."

"பெங்களூர் இல்ல மாப்ள. பேங்கரு. லண்டன் பக்கம்."

கட்டர் சத்தத்தில் எனக்கு மறுபடியும் பெங்களூர் என்றுதான் கேட்டது. அவர் மறுபடியும் திருத்தினார். அவர் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. என்னிடம் பேசும்போது அதுவரை அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. பெட்டியிலிருந்து இறங்கி, "சந்தோசம் மாமா" என்றேன். சொல்லி முடித்ததும் வாயில் கல்தூள் கடித்த மாதிரி இருந்தது.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார். இளையவளை நர்சிங் படிக்க வைத்து, காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பையனுக்குக் கொடுத்தார். அவன்தான் என் சகலை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், வாய் நிறைய "அண்ணா, அண்ணா" என்பான். கல்யாணமான புதிதில், "அண்ணா, உங்க கம்பெனில எதனா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளையாக வலம் வந்தேன். பண்டிகைக்குப் போனால் முதல் இலை எனக்கு. ஈரல் என் இலைக்கு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

கொழுந்தியாள் முதலில் போனாள். கொஞ்ச நாளில் கடையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு சகலையும் போனான். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் மாமனார் வீட்டுக்குப் போனபோது, வரிசையில் முதல் இலைக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து ஒரு செல்போன் நின்றது. அதில் சகலை கோட்டு மாட்டிக்கொண்டு சிரித்தான். அவன் பின்னால் சாம்பல் நிறத்தில் கடல் தெரிந்தது. மாமியார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இங்க ரோட்டுல எல்லாம் ரெண்டு பாஷையில எழுதியிருக்காங்க. மெதுவாப் போறதுக்கு 'அராஃப்'னு பெருசாப் போட்டிருக்கும். நம்ம பாகலூர்ல தமிழும் கன்னடமும் மாதிரிதான் அண்ணா. ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் வெல்ஷு. வூட்டுக்குள்ள ஒன்னு பேசறாங்க, கடையில ஒன்னு பேசறாங்க."

"ஓ" என்றேன். என் இலைக்கு ஈரல் வரவில்லை.

ஊரில் அந்தப் பெயரால் கொஞ்சம் வேடிக்கையும் நடந்தது. டீக்கடையில் யாராவது, "சின்னப் பொண்ணு எங்க இருக்குது?" என்று கேட்பார்கள். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "பேங்கர்ல" என்பார். "எந்த பேங்க்ல?" என்று அடுத்த கேள்வி வரும். அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அந்த விளக்கத்தைச் சொல்லத்தான் அவர் டீக்கடைக்கே போனார் என்பது என் எண்ணம். நர்சம்மாவின் அப்பா என்று இருந்தவர் மெல்ல மெல்ல பேங்கர்காரர் ஆனார்.

அந்த ஊரை எப்படியாவது சின்னதாக்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. ஓசூரில் பாகலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது செல்போனில் அந்தப் பெயரைத் தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்ததெல்லாம் எனக்குச் சாதகமாக இருந்தது. வேல்ஸ் நாட்டின் வடக்கு ஓரத்தில் கடலை ஒட்டிய ஊர். நகரம் என்று பட்டம் இருந்தாலும் நம் ஓசூரின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்த வாரம் கிடைத்தது. அந்தப் பெயரில் உலகம் முழுக்க ஊர்கள் இருந்தன. அமெரிக்காவில் மட்டுமே பல. கனடாவில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக்குள்ளேயே ஒன்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னேன். "உன் தங்கச்சி போன ஊரு ஒன்னும் பெரிய அதிசயம் இல்ல. அந்தப் பேர்ல எங்க பாத்தாலும் ஊர் கெடக்குது."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்டினா நல்ல பேருதான். இல்லாட்டி இத்தினி பேர் ஏன் வைக்கறாங்க?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

அதன் பிறகு தேடலின் திசையே மாறிவிட்டது. அந்தப் பெயர் எப்படி அத்தனை தூரம் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஊருக்குப் பக்கத்து மலைகளில் சிலேட்டுக் கல் கிடைக்கிறதாம். வெட்டிய கல் அந்த ஊர்த் துறையிலிருந்து கப்பலேறி, எங்கெங்கோ கூரைகளாகவும் பள்ளிக்கூடப் பலகைகளாகவும் போயிருக்கிறது. கல்லோடு கல் வெட்டத் தெரிந்த ஆட்களும் போனார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் அதே மாதிரி சிலேட்டு மலையைப் பார்த்ததும், அங்கே எழுந்த ஊருக்குப் பழைய ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதே நாட்டில் மெய்ன் என்ற மாநிலத்தில் இருக்கும் பேங்கருக்கு வேறொரு கதை. அந்தப் பெயரில் ஒரு தேவாலயப் பாட்டு மெட்டு உண்டாம். ஊரைப் பதிவு செய்யப் போன பாதிரியாருக்கு அந்த மெட்டு பிடித்துப்போய் அதையே ஊருக்குச் சூட்டினார் என்கிறார்கள். அந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்கள் கலிஃபோர்னியாவில் இன்னொன்றை உண்டாக்கினார்கள். பெயர் பிள்ளை பெற்று, பேத்தியும் எடுத்துவிட்டது. அயர்லாந்தின் வடக்கில் இருக்கும் பேங்கர் மட்டும் தனி வேரில் வந்தது, எழுத்துதான் ஒன்று என்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குச் சகலை மேல் இருந்த எரிச்சல் அந்த ஊர் மேலேயே திரும்பியது. ஒரு ஊரைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும். நான் அனுப்பும் கல்லும் அதே நாடுகளுக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் சமையல் மேடையாகிறது, ஐரோப்பாவில் கல்லறையாகிறது. ஆனால் மரச் சட்டத்தின் மேல் எந்தப் பெயரை ஒட்டுகிறேன்? வாங்குகிறவனுக்கு இனிப்பாக இருக்கட்டும் என்று வியாபாரிகள் இட்ட, இத்தாலி வாடை அடிக்கும் ஒரு பெயரை. கிருஷ்ணகிரி என்று ஒரு கல்லும் சொல்வதில்லை. நம் ஆட்களாவது சொல்கிறார்களா? கடல் தாண்டியதும் "பெங்களூர் பக்கம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். ஓசூர் என்றாலே கன்னடத்தில் புது ஊர். கர்நாடகத்துக்குள் போனால் தாலுகாவுக்கு ஒரு ஓசூர் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட எங்களைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அந்தந்த இடத்தில் புதிதாக ஊர் எழும்பியது, அவ்வளவுதான்.

மாமனார் காவேரிப்பட்டினம் வீட்டை மாடி எடுத்துக் கட்டினார். வேலை முடியும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, முகப்புல பதிக்க ஒரு கல்லு வேணும். உங்க கம்பெனிலயே நல்ல கறுப்புக் கல்லா பாத்து எழுத்து வெட்டிக் கொடுத்துடுங்க."

"என்னா எழுதணும் மாமா?"

"பேங்கர் இல்லம்."

"மாமா, காவேரிப்பட்டினத்துல இருந்துக்கிட்டு அந்தப் பேர் எதுக்கு? அத்தை பேர் வைக்கலாம். குலசாமி பேர் வைக்கலாம்."

"சின்னது ஆசப்படுது மாப்ள. மாப்ளையும் சொன்னாரு."

கடைசியாகச் சொன்ன அந்த மாப்ளை நான் இல்லை.

கல்லை நானே தேர்ந்தெடுத்தேன். மட்டமான கல்லைக் கொடுத்தால் என் தொழிலுக்கு அசிங்கம் என்பதால் நல்லதையே எடுத்தேன். எழுத்து வெட்டுகிறவர், "பேங்கர்னா லோன் குடுக்கறவரா சார்?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வேல்ஸிலிருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றிய அந்தப் பெயர், என் கையாலேயே டெம்போவில் ஏறிக் காவேரிப்பட்டினத்துத் தென்பெண்ணை ஆற்றங்கரைக்கும் வந்து சேர்ந்தது. புதுமனை புகுவிழாவில் எல்லாரும் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்து, "என்னா பளபளப்பு" என்றார்கள். கல்லைப் பற்றிக் கேட்டவர்களும் ஊரைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கொழுந்தியாள் பிள்ளை உண்டானாள். மாமியாருக்கு முட்டிவலி, விமானத்தில் அனுப்ப முடியாது. எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டு வரட்டுமாங்க?" என்றாள்.

"தங்கச்சிக்குப் பிரசவம்னா போகத்தானே வேணும்" என்றேன். மனதுக்குள், நான் இன்னும் பெங்களூர் விமான நிலையத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லையே என்று ஒரு குரல் கேட்டது. கார் பார்க்கிங்வரைக்கும் பலரை ஏற்றி வந்து விட்டிருக்கிறேன். இப்போது மனைவியையும் விட்டேன். புதுச் சுடிதாரும் ஷூவுமாக, பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்த பிறகு ஒருமுறை திரும்பினாள். நான் கையாட்டினேன். அவள் என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, மேலே இருந்த போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். நான் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அங்கே மத்தியானம். அவள் வீடியோவில் வருவாள். முதல் சில நாட்கள் குழந்தை, பத்தியம், பூண்டுக் குழம்பு என்று பேச்சு போனது. பிறகு அவள் பின்னால் சுவர் மாறத் தொடங்கியது. ஒருநாள் கடலுக்குள் நீண்டு போகும் ஒரு மரப் பாலத்தின் மேல் நின்றாள், முடி முகத்தில் பறந்தது. இன்னொரு நாள் பஸ்ஸில் மாடி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் குக்கரில் வைத்த சோறு குழைந்து போயிருந்த நாள் அது.

அங்கே பக்கத்து வீட்டில் ஒரு வெல்ஷ் அம்மாள், பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. இவள் செய்த பருப்பு வடைக்கு மயங்கி, இவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்திருந்தார். என் மனைவிக்குத் தெரிந்த இங்கிலீஷும் அந்த அம்மாளுக்குத் தெரியாத தமிழும் எப்படியோ போதுமானதாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். ஏதோ கிராமத்துச் சந்தை. ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இங்க பாருங்க. பேங்கரு!"

"என்னா பேங்கரு? நீ இருக்கறதே பேங்கர்தானே?"

"ஐயோ, ஊரைச் சொல்லலங்க. இதைப் பாருங்க."

அவள் செல்போனைத் திருப்பினாள். தொப்பி போட்ட ஒருவர் தரையில் குத்துக்குச்சிகளை வரிசையாக நட்டு, பச்சைக் கொம்புகளை உள்ளும் வெளியுமாக வளைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். மேல் விளிம்பில் கொம்புகளை முறுக்கி முடிச்சிட்டிருந்தார்.

"மேல முறுக்கியிருக்குது பாருங்க, அதுக்குத்தான் அவங்க பாஷையில இந்தப் பேராம். ஆதியில ஒரு சாமியார் வந்து கோயில் கட்டறதுக்கு இப்படித்தான் சுத்தி வேலி போட்டாராம். அந்த வேலியே ஊர் பேரா நின்னுடுச்சாம். நான் சொன்னேன், எங்க பக்கம் இதைப் படல்னு சொல்லுவோம், ஆட்டை உள்ள வுட்டு அடைச்சா அது பட்டின்னேன். அந்தம்மா பட்டி, பட்டின்னு சொல்லிப் பாத்து ஒரே சிரிப்பு. எங்க பக்கம் நெறைய ஊரு பேர்லயும் பட்டி இருக்குதுன்னேன். பாகலூர் தாண்டுனா கன்னடத்துல அதையே ஹட்டின்னு சொல்லுவாங்கன்னும் சொன்னேன். நானும் ஒரு கொம்பு வளைச்சேன், கையில கீறிடுச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு சின்னச் சிவப்புக் கோடு.

அந்த அர்த்தத்தை நான் எத்தனையோ நாளுக்கு முன்பே படித்திருந்தேன். பின்னல் வேலி என்று திரையில் பார்த்து, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். பட்டி என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் போய், அதைத் தொட்டு, கையையும் கீறிக்கொண்டு, நம் ஊர்ச் சொல்லையும் அங்கே சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கலாம். வந்த வார்த்தை மட்டும் வேறு.

"பிரசவம் பாக்கப் போனியா, வேடிக்கை பாக்கப் போனியா?"

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆடு கத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு போன் அணைந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் அவளாகவே கூப்பிட்டாள். தங்கையின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது.

"கோவமா?" என்றேன்.

"கோவம் இல்லைங்க. ஒன்னு கேக்கட்டுமா? உங்களுக்கு இந்த ஊர் மேல பொறாமைதானே?"

"எனக்கென்ன பொறாமை?"

"எனக்குத் தெரியும். வருஷக்கணக்காப் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க சகலை பேர் வந்தா முகம் கடுகடுங்குது. பரவால்ல. ஆனா எனக்கு மட்டும் இல்லன்னு நெனச்சிட்டீங்களா?"

நான் செல்போனை மேசை மேல் சாய்த்து வைத்தேன்.

"தங்கச்சியை டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிக்கிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளோட வேலை செய்யற பொண்ணுங்க எல்லாம் யூனிபார்ம்ல வந்து கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டு ஓரமா நின்னேன். எனக்கும் நர்சிங் சீட்டு கெடச்சிருந்துச்சிங்க. பன்னெண்டாவது முடிச்சப்ப. சேர்றதுக்குள்ள உங்க ஜாதகம் வந்துடுச்சி. நல்ல எடம், கம்பெனி வேலைன்னு அப்பா முடிச்சிட்டாரு. பெரியவளைக் கொடுத்தாச்சு, சின்னவளாவது படிக்கட்டும்னு அவளைச் சேத்தாங்க."

"இதை நீ சொன்னதே இல்லையே."

"சொல்லி என்னா ஆவப் போவுது? உங்க மேல குத்தம் ஒன்னும் இல்ல. நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க, புடிச்சிருந்துச்சி, கட்டிக்கிட்டீங்க. ஆனா இவ இந்த ஊருக்கு வந்தப்ப இருந்து எனக்கு உள்ள ஒன்னு அரிச்சிக்கிட்டே இருந்துச்சி. அப்பா பேங்கர், பேங்கர்னு சொல்லும்போதெல்லாம் என் ஊரை யாரோ எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சி. தங்கச்சி மேலயே இப்படி நெனைக்கறமேன்னு கீரையை ஆய்ஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இங்க வந்து பாத்துட்டேன், இப்ப கொஞ்சம் தணிஞ்சிருக்குது. வேடிக்கை பாத்தேன்னு சொல்லாதீங்க."

குழந்தை சிணுங்கியது. அவள் தோளில் போட்டுத் தட்டினாள். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருவரும் ஒரே ஊரை நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறோம். என்னுடையது ஈரலுக்கும் முதல் இலைக்கும். அவளுடையது எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

"கையில கீறல் ஆறிடுச்சா?" என்று கேட்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஆறிடுச்சி" என்றாள்.

விசா முடியும் நேரத்தில் திரும்பி வந்தாள். நான் கேட்டதற்கும் கேட்காததற்கும் ஊரைப் பற்றிச் சொன்னாள். சகலை அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறான் என்பதையும், வயதானவர்களைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் வேலை அது என்பதையும், மாமனாரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான் என்பதையும் சொன்னாள். "நல்லா செய்யறாருங்க. அங்க இருக்கற பெரியவங்களுக்கு அவருன்னா உசுரு" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய செய்தி. சந்தோஷம் வரவில்லை. அவன் மேல் மதிப்பு வந்தது, அது இன்னும் தொந்தரவாக இருந்தது.

வந்த மாதமே அவள் ஓசூரில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் எங்கள் மகள் வயது. மாமனார் போனில் என்னிடம், "இந்த வயசுல எதுக்கு மாப்ள இதெல்லாம்?" என்றார். "அவ இஷ்டம் மாமா, அவ போகட்டும்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவள் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். பேரிகைக் கிராமத்திலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கு, பாகலூர்க்காரர்களிடம் கன்னடம், பீகார் பையன்களிடம் எங்கோ பொறுக்கிய இந்தி. பகல் ஷிப்ட் முடியும் நேரத்தில் நான் ஸ்கூட்டரோடு கேட்டுக்கு வெளியே நிற்பேன். நேற்றும் நின்றேன். நீல யூனிபார்மில், கூட வேலை செய்யும் பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பழைய பொறாமை மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"என்னா சிரிப்பு அவ்ளோ?" என்றேன்.

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க, வார்டு விஷயம்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "கௌம்புங்க, மழை வர்ற மாதிரி இருக்குது."